தூளியில் எழுதிய எண்: மொரீசியசில் 7 நாள்

முதல் நாள், ஞாயிறு

மும்பையில் ஏறி ஆறு மணி நேரத்துக்கு மேல் கடலைத் தாண்டி வந்து இறங்கினேன். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தாயிற்று. ஜூலை இங்கே குளிர்காலம். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கரும்புக்காட்டு வாசனையோடு ஈரக்காற்று முகத்தில் அடித்தது.

பையில் துணிமணி குறைவு. நின்டெண்டோ சுவிட்ச் என்ற கையடக்க கேம் கருவி ஒன்று இருக்கிறது, அதில் மூன்று கேம். மூன்றுமே ஒருவர் மட்டும் ஆடுகிறவை. எதிராளி கிடையாது, மதிப்பெண் பட்டியல் கிடையாது. ராத்திரி வீடு அடங்கிய பிறகு நாம் பாட்டுக்கு உட்கார்ந்து ஆடலாம். பல வருடமாக நான் விரும்பி ஆடுவது இந்த வகைதான். அதனால் இந்த ஒரு வாரமும் பார்த்த ஊரையும் ஆடிய கேமையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விமானத்தில் தொடங்கியது ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. லூகாஸ் போப் என்பவர் ஏறக்குறைய தனி ஆளாகச் செய்து 2018-இல் வெளியிட்டது. கதை 1807-இல் நடக்கிறது. சில வருடங்களுக்கு முன் கிழக்கை நோக்கிக் கிளம்பி, நன்னம்பிக்கை முனைக்கு வந்துசேராமல் காணாமல் போன கப்பல் ஒன்று, ஒருநாள் ஆளில்லாமல் இங்கிலாந்துக் கரைக்குத் திரும்பி வருகிறது. அதில் போனவர்கள் 60 பேர். கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு அதிகாரியாக நாம் கப்பலில் ஏறி, ஒவ்வொருவரும் யார், எப்படி முடிந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே உட்கார்ந்து அதை ஆடியது தற்செயல்தான். ஆனாலும் ஜன்னலைத் திறந்து கீழே பார்த்துக்கொண்டேன்.

பணம் மாற்றியபோது கைக்கு வந்த நூறு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. தெரிந்த செய்திதான், ஆனால் விரலுக்கு நடுவில் பார்ப்பது வேறு. நோட்டில் இருக்கும் முகத்துக்குக் கீழே உள்ள பெயரை ரோமன் எழுத்தில் படித்தால் ‘ரெங்கனாடென் சீனீவாசென்’ என்று வருகிறது. இரண்டாவது தடவை வாய்விட்டுப் படித்தபோதுதான் பிடிபட்டது: ரங்கநாதன் சீனிவாசன். வழக்கறிஞர், இந்த நாட்டு அரசியலில் பெரிய இடத்தில் இருந்தவர். பெயர் அப்படியேதான் இருக்கிறது, எழுத்துதான் வேறு சட்டை போட்டிருக்கிறது.

இரண்டாம் நாள், திங்கள்

காலையிலிருந்து தூறல். ரோஸ்ஹில்லில் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. தஞ்சாவூரில் தமிழ் படிக்க வந்தபோது எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வருடம் குடியிருந்தவர். நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். இப்போது இங்கே தமிழ் டீச்சர். நேற்று வாசலில் என்னைப் பார்த்ததும், “தம்பி, எம்மாம் பெரிசாயிட்டே!” என்றார். எங்கள் தெருவில் கற்ற தமிழ் இன்னும் அப்படியே அவரிடம் இருக்கிறது.

வீட்டில் அக்காவின் அம்மா இருக்கிறார். 82 வயது. பாட்டிக்குத் தமிழ் பேச வராது, பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். ஆனால் காய்கறியும் சாமியும் வந்தால் தமிழ் தானாக வந்துவிடுகிறது. சமையல்கட்டில் நின்றுகொண்டு “கரிப்பூலே” கேட்டார். கறிவேப்பிலை. முருங்கைக்கீரை “பிரேத் முரூம்”, ரசம் “ராசோன்”. அதற்கெல்லாம் மேலே “அயோ!” இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணியும் மழையில் துணி எடுக்க ஓடும்போது “அயோ!” என்றுதான் கத்தினார். ஒரு கூட்டம் இந்தத் தீவுக்குக் கொடுத்த சொல்லை இன்று தீவே சொல்கிறது.

அக்காவின் மகனுக்கு 16 வயது. என்னைத் ‘தோந்தோன்’ என்கிறான், மாமா என்பதற்கு இங்கே அதுதான். நண்பர்களோடு காதில் மைக் மாட்டிக்கொண்டு கால்பந்து கேம் ஆடுகிறவன். என் திரையைப் பார்த்துவிட்டு, இது ரொம்பப் பழைய கேமா என்று கேட்டான். கேள்வி நியாயமானது. ஓப்ரா டின்னில் கறுப்பு, வெள்ளை இரண்டுதான். சாம்பல் நிறம்கூடக் கிடையாது. நிழல் வேண்டும் என்றால் புள்ளிகளை நெருக்கி வைத்திருக்கிறார்கள், வெளிச்சம் வேண்டும் என்றால் கலைத்து வைத்திருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் கண் தடுமாறும். அப்புறம் வாசலில் புள்ளி வைத்த கோலத்தில் பூ தெரிவது போல் முகங்கள் தெரிய ஆரம்பித்துவிடும்.

மழை விடவில்லை, ஆறு மணி நேரம் ஆடியிருப்பேன். இந்த கேமைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நம் கையில் ஒரு கடிகாரம். எலும்புக்கூட்டின் பக்கத்தில் போய் அதைத் திறந்தால், அந்த ஆள் செத்த கணத்துக்குப் போய்விடுவோம். முதலில் இருட்டில் சில விநாடி பேச்சும் சத்தமும் மட்டும் கேட்கும். பிறகு எல்லாம் உறைந்து நிற்கும். கத்தி பாதி வழியில் நிற்கும், அலை அந்தரத்தில் நிற்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். கையில் ஒரு புத்தகம் உண்டு. அதில் கப்பல் பட்டியலின்படி பெயர், எண், வேலை, நாடு. இன்னொரு பக்கம் எல்லாரையும் சேர்த்து வரைந்த படம். எந்த முகத்துக்கு எந்தப் பெயர் என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். யூகித்து எழுத வேண்டும். மூன்று பேரை முழுக்கச் சரியாக எழுதினால்தான், சரி என்று புத்தகம் ஒப்புக்கொள்ளும். ஒருவரை மட்டும் குருட்டாம்போக்கில் போட்டுப் பார்க்க முடியாது. அருமையான விதி. ஒரு ஆளைப் பற்றி உறுதி வர வேண்டுமானால் இன்னும் இரண்டு பேரை உற்றுப் பார்த்தாக வேண்டும்.

(ஆடப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) மாலுமிகளில் பலருக்கு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் காட்சியே கிடையாது. நான் ஒரு மணி நேரம் திண்டாடினேன். பிறகு கீழ்த்தளத்தில் அவர்கள் படுக்கும் இடம் வந்தது. வரிசையாகத் தூளி கட்டித் தூங்குகிறார்கள். ஒவ்வொரு தூளியிலும் ஒரு எண் தொங்குகிறது. பட்டியலில் இருக்கும் அதே எண். தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலையும் காலுறையையும் பார்த்து வைத்துக்கொண்டு, வேறு காட்சியில் அதே காலைத் தேட வேண்டும். அது விளங்கிய நிமிடத்தில் உடம்பு சிலிர்த்தது.

பட்டியலில் இந்தியா என்று போட்ட மாலுமிகளும் இருக்கிறார்கள். சாலமன் சையத், ரென்ஃப்ரெட் ராஜுப். இரண்டு பேரும் நோய் வந்து சாகிறார்கள். ரென்ஃப்ரெட் என்று எந்த ஊரில் பெயர் வைத்தார்கள்? கேமைச் செய்தவர் யோசித்து வைத்தாரா, யோசிக்காமல் வைத்தாரா, அது அவருக்குத்தான் தெரியும். ஆனால் ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

ஒரு குறை. பார்த்த காட்சியை மறுபடி பார்க்க வேண்டுமானால் கப்பல் முழுக்க நடந்து அந்த எலும்புக்கூட்டிடமே போக வேண்டும். புத்தகத்திலிருந்தே போக வழி வைத்திருக்கலாம். ராத்திரி 11 மணிக்கு ஏணி ஏறி இறங்கிக் கால் வலிக்காமலே கால் வலித்தது.

மூன்றாம் நாள், செவ்வாய்

மெட்ரோ ஏறி போர்ட் லூயிஸ். அங்கிருந்து நடந்தே ஆப்பிரவாசி காட். அக்காவுக்குப் பள்ளிக்கூடம், அதனால் பையன் கூட வந்தான். பள்ளியிலிருந்து ஒருமுறை கூட்டிவந்தார்களாம், அப்போது சரியாகப் பார்க்கவில்லையாம்.

கடலோரத்தில் கருங்கல் கட்டிடங்கள். மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். நுழைவாசல், ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் பகுதி, கொட்டகைகள் இருந்த இடம், கடலிலிருந்து ஏறிவரும் கற்படிகள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறிய படி அது. 1834-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி ‘அட்லஸ்’ என்ற கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 பேர் வந்ததில் இருந்து கணக்கு ஆரம்பிக்கிறது. அடிமை முறை ஒழியும் நேரத்தில் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று துறைமுகத்திலிருந்தும் வந்தார்கள். 2006-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அனுமதிக்குக் கட்டணம் கிடையாது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தமிழர் இங்கே கூலியாக மட்டும் வரவில்லை. அதற்கு நூறு வருடம் முன்பே, 1730-களில், பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்தார்கள். இந்தப் போர்ட் லூயிஸ் நகரைக் கட்டியதில் அவர்கள் கை உண்டு.

நான் நெடுநேரம் நின்றது விளக்க மையத்தில். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பதிவேட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், கிராமம், வந்த கப்பல். 1860-களிலிருந்து புகைப்படமும் எடுத்திருக்கிறார்கள். தொழிலாளி எண்ணும் படமும் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் பிடித்துவிடுவார்கள். படத்தில் யாரும் சிரிக்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். சிலருடைய தோள் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, யாரோ பிடித்து நிறுத்தியது மாதிரி.

நேற்று ஆடிய கேமில் எனக்குப் பெயரும் இருந்தது, முகமும் இருந்தது. இரண்டையும் சேர்ப்பதுதான் வேலை. இங்கே குமாஸ்தா இரண்டையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார், எண்ணும் போட்டிருக்கிறார். ஆனாலும் ஒருவரையும் தெரியவில்லை. பெயர் காதில் விழுந்தபடி. ஊர் காதில் விழுந்தபடி. தகப்பன் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. முகம் மட்டும்தான் அப்படியே இருக்கிறது.

நான் ஒரே படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துப் பையன் பக்கத்தில் வந்தான். என்ன பார்க்கிறீர்கள் என்றான். காதைப் பார் என்றேன். அந்த அம்மாளின் காது மடல் தோடு கழற்றியதில் நீண்டு தொங்கியது. பாம்படம் போட்ட காது. எங்கள் பக்கத்துப் பாட்டிகளிடம் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தோட்டை விற்றிருப்பார், அல்லது கழற்றிப் பத்திரப்படுத்தியிருப்பார். பையன் வேறு எதுவும் கேட்காமல் அடுத்த படத்துக்குப் போய்க் காதைப் பார்த்தான். அப்புறம் அதற்கடுத்த படம்.

திரும்பி வரும்போது மெட்ரோவில், அந்தக் கறுப்பு வெள்ளைக் கேமை நானும் ஆடிப்பார்க்கலாமா என்று கேட்டான்.

நான்காம் நாள், புதன்

லெ மோர்ன் பார்த்தோம். தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த மலை. கீழே கடல் நம்ப முடியாத நீலம். நான் மலை ஏறவில்லை, கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் பையிலிருந்து எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை.

ராத்திரி பையன் ஓப்ரா டின் ஆடினான். முதல் மூன்று பேர் சரியானபோது வீட்டுக்கே கேட்கும்படி “அயோ!”

ஐந்தாம் நாள், வியாழன்

இன்று ‘சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்’. பிரான்சின் துலூஸ் நகரத்தில் இருக்கும் ருந்திஸ்க் என்ற சின்னக் குழு செய்தது, 2023-இல் வந்தது. ஒரு பெரிய கோபுரம். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மொழி, ஒவ்வொரு மொழிக்கும் தனி எழுத்து. அவர்களுக்குள் பேச்சு அறுந்துவிட்டது. நமக்கு எந்த மொழியும் தெரியாது. பலகையில் எழுதியிருப்பதையும், ஆள் கையை ஆட்டிச் சொல்வதையும் வைத்து இந்தக் குறிக்கு இதுதான் பொருள் என்று யூகித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டும். கொஞ்சம் கழித்துக் குறிப்பேட்டில் படங்கள் வரும். அந்தப் பக்கத்துப் படங்களுக்கெல்லாம் சரியான குறியைப் பொருத்தினால்தான் சொற்கள் உறுதியாகும்.

இதை நானும் பையனும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினோம். ஒருவர் ஆடும் கேம்தான், ஆனால் இரண்டு தலை இருந்தால் வாதம் பண்ணலாம். “கதவு” என்று நான் சொன்னதை அவன் “திற” என்றான். கடைசியில் அவன் சொன்னதுதான் சரி. முதல் தளத்து மக்கள் பன்மை சொல்ல வேண்டுமானால் அதே குறியை இரண்டு தடவை எழுதுகிறார்கள். அதை என்னை விட வேகமாகப் பிடித்தான். எப்படி என்று கேட்டேன். கிரியோலில் மெதுவாக என்பதற்கு ‘துஸ்மா துஸ்மா’ என்போமே, அது மாதிரி என்றான். தமிழிலும் உண்டு, ‘மெல்ல மெல்ல’, ‘வீடு வீடாக’ என்றேன். அதைக் கேட்டு அவன் முகத்தில் வந்த ஆச்சரியம் எனக்குப் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் சில வருடம் தமிழ் படித்து, பரீட்சை எழுதி, விட்டுவிட்டவன். அவனுக்குத் தமிழ் என்றால் பரீட்சைத் தாள். அவன் தினமும் பேசும் மொழிக்கும் அதற்கும் பழக்கம் ஒன்று என்று யாரும் இதுவரை காட்டவில்லை.

மதியத்துக்கு மேல் கேமை நிறுத்திவிட்டு நான் வீட்டிலேயே குறிப்பேடு போட ஆரம்பித்தேன். பாட்டி பேசுவதைக் கவனித்து, கிரியோல் என்று நினைத்ததில் எது தமிழ் என்று எழுதுவது. ‘முல்கு’ என்றால் முறுக்கு. ‘புத்து’ என்றால் புட்டு. காய்கறியில் ‘பிப்பங்காய்’ நம் பீர்க்கங்காய். ஒன்று மட்டும் நெடுநேரம் விளங்கவில்லை. தெருமுனை மரத்தடியைக் காட்டிப் பாட்டி ‘மினிஸ்பிரேன்’ என்றார். ஏதோ பிரெஞ்சுப் பிரபு என்று நினைத்தேன். அங்கே என்ன படைப்பீர்கள் என்று பையனைக் கேட்கச் சொன்னேன். சுருட்டும் சாராயமும் என்று பதில் வந்தது. முனீஸ்வரன்! எழுந்து நின்றுவிட்டேன். பாட்டியிடம் “முனீஸ்வரன், முனீஸ்வரன்” என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். பாட்டியும் கும்பிட்டார்.

கேமில் எனக்குப் பிடிக்காத ஒரு பகுதியும் உண்டு. காவலாளி கண்ணில் படாமல் தூணுக்குத் தூண் ஓடி ஒளிய வேண்டிய இடங்கள். மொழியைக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்துக்கு நடுவில் அது பொருந்தவில்லை. மாட்டினால் மறுபடி கொஞ்சம் பின்னாலிருந்து ஓட வேண்டும். அதை எல்லாம் பையன் கையில் கொடுத்துவிட்டேன், நொடியில் முடித்தான்.

ஆறாம் நாள், வெள்ளி

காலையில் காத்ர் போர்ன் பக்கம் மலைக்கோவில். இங்கே எல்லாரும் ‘கோவில்’ என்றே சொல்கிறார்கள், அந்தச் சொல்லுக்கு மாற்றுச் சொல் தேடவில்லை. கோர் தெ கார்த் மலையின் சரிவில் முருகன். தைப்பூசத்துக்கு நாடு முழுக்க விடுமுறை, காவடி தூக்கிக்கொண்டு இந்தப் படிகளில்தான் ஏறுவார்களாம். இன்று கூட்டம் இல்லை. அக்கா திருப்புகழ் ஒன்றை முழுக்கப் பாடினார். அர்ச்சகர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார்.

இறங்கும்போது அக்கா ரூபாய் நோட்டுக் கதையைச் சொன்னார். 1998-இல் வந்த புது நோட்டுகளில், மொழிகளின் வரிசையில் தமிழை ஒரு இடம் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. “வீட்டில் பேசுகிறவர்கள் கொஞ்சம்தான் தம்பி. ஆனா அந்த வரியை விடமாட்டோம்” என்றார்.

மதியம் வாழையிலையில் ஏழு கறி. இங்கே ‘செத் காரி’ என்று கல்யாணத்திலும் விசேஷத்திலும் போடுவது. எனக்காகவே செய்தார்கள். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பாட்டியிடம் மூன்றாவது கேமைக் காட்டினேன்.

‘வெண்பா’. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. அடுத்த வருடம் முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்தா விருது வாங்கியது. 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் மை கலைந்தும் போயிருக்கிறது. எழுத்து அழிந்த இடத்தை நாம் யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். முதல் சமையல் இட்லி. பானைக்குள் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதுதான் புதிர். உலகத்தில் எங்கோ ஒருவர் இட்லித்தட்டின் ஓட்டையை ஒரு புதிராகப் பார்த்திருக்கிறார்! எங்கள் வீட்டு அடுக்களையில் நான் தினமும் பார்த்து, ஒருநாளும் கவனிக்காத பொருள்.

பாட்டிக்கு கேம் என்றால் என்ன என்று தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார். புட்டு வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மாவு, தேங்காய், மாவு, தேங்காய். “புத்து!” என்றார். பிறகு பையனிடம் விறுவிறுவென்று கிரியோலில் பேசினார். அவர்கள் செய்யும் புத்து வேறு மாதிரி, சின்னச் சின்ன உருளையாக வெட்டித் தேங்காய் தூவி வைப்பது என்று பையன் மொழிபெயர்த்தான். தனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றும் சொல்கிறாராம். பாட்டியின் பாட்டி.

வெண்பாவை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. கவின் வளர்ந்து வீட்டை விட்டுத் தள்ளிப் போகும் வருடங்களைத் தாவித் தாவிக் கடந்துவிடுகிறது. அந்த வருடங்களில்தான் மொழி போகிறது, அங்கே இன்னும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் பெரிய கவின் அம்மாவின் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு படிக்கத் தடுமாறும் இடத்தில் அக்கா எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டார். பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. முன்னோர் யார் என்று தேடி வாங்கலாம். சில வருடம் முன்பு அக்கா வாங்கி வைத்த தாள் அது. பாட்டியின் பாட்டி. 1880-களில் சென்னையில் கப்பல் ஏறியவர், அப்போது வயது 19. எண் இருக்கிறது. படத்தின் நகல் இருக்கிறது. மாவட்டம் தஞ்சாவூர். ஊர் என்ற இடத்தில் ரோமன் எழுத்தில் ‘மானெல்மோத்’.

“நீ தஞ்சாவூர்க்காரன். சொல்லு” என்றார்.

ஏழாம் நாள், சனி

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மானெல்மோத். மணல்மேடு என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் பழைய தஞ்சாவூர் மாவட்டம் பெரியது. ஆறு ஓடும் பூமியில் மணல்மேடு என்று பெயர் கொண்ட இடம் ஒன்றா இரண்டா? மயிலாடுதுறைக்கு வடக்கே ஒரு மணல்மேடு எனக்குத் தெரியும். அதுதான் இது என்று எப்படிச் சொல்வது?

காலையில் நாலு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். பையன் தானாகவே நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து நடுவில் கோடு போட்டான். ஒரு பக்கம் தாளில் உள்ளது, ஒரு பக்கம் நமக்குத் தெரிந்தது. படத்தைப் பார்த்தோம். மூக்கின் இரண்டு பக்கமும் குத்தியிருக்கிறது. சேலைக்கட்டு சரியாகத் தெரியவில்லை. பாட்டியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டான். உங்கள் பாட்டி எப்படி இருப்பார்? ஒல்லியாக, கறுப்பாக. என்ன சாமி கும்பிடுவார்? மினிஸ்பிரேன். ஊரைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா? இல்லை. தமிழில் பேசுவாரா? பேசுவார், யாருக்கும் புரியாது. கதை சொல்வாரா? இல்லை. பாட்டு?

பாட்டி கொஞ்சம் யோசித்தார். தன் தம்பி குழந்தையாக இருந்தபோது தன் பாட்டி தூளி ஆட்டிக்கொண்டே ஒன்று சொல்வார் என்றார். அர்த்தம் தெரியாது. தன் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லித்தான் ஆட்டியிருக்கிறார். கையை முன்னும் பின்னும் தூளி ஆட்டுவது போல் ஆட்டிக்கொண்டு சொல்லிக் காட்டினார்:

“ஆத்துக்கந்தாந்த சிலாம்பரோன்... ஆத்துக்கந்தாந்த சிலாம்பரோன்...”

அக்காவுக்கு அது தெரியும், ஆனால் ஆராரோ மாதிரி வெறும் ஓசை என்று நினைத்திருக்கிறார். தாளில் அதை எழுதிப் பார்த்ததே இல்லை. பேச்சுத் தமிழில் ஊறிய ஆள் காதில் விழுந்தால்தான் அது பிரியும். நான் பாட்டியை மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவை பிரிந்தது.

ஆத்துக்கு அந்தாண்ட சிலம்பரம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிதம்பரம். சிதம்பரத்தைச் சிலம்பரம் என்று சொல்லும் வாய் எங்கள் பக்கத்து வாய். கொள்ளிடத்துக்குத் தெற்குக் கரையில் நிற்கிறவள்தான் அப்படிச் சொல்வாள். மயிலாடுதுறைக்கு வடக்கே உள்ள மணல்மேட்டிலிருந்து கொள்ளிடம் கிட்டத்தில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டி வடகிழக்கே போனால் சிதம்பரம்.

அக்காவிடம் சொன்னேன். அக்கா பாட்டியிடம் கிரியோலில் சொன்னார். பாட்டி என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். அந்த ஆற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறார் என்றான் பையன். மேட்டூர் அணை திறந்திருந்தால் இருக்கும் என்றேன். அதை அவன் எப்படி மொழிபெயர்த்தானோ தெரியவில்லை, பாட்டி தலையாட்டினார்.

கேம் என்றால் இந்த இடத்தில் புத்தகம் சரி என்று சொல்லியிருக்கும். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு இருப்பது ஊர்ப் பெயர் ஒன்று, தாலாட்டு வரி ஒன்று. இதே பெயரில் கொள்ளிடக் கரையில் வேறு குக்கிராமம் இருந்துவிட்டால்? பையன் அதையே கேட்டான். “இரண்டுதான் இருக்கு தோந்தோன். மூணாவது வேணும்.”

நோட்டில் அவனே எழுதினான். எண்ணை மேலே. அதற்குக் கீழே தமிழில், எழுத்து எழுத்தாக, மணல்மேடு. ‘ண’-வுக்குச் சுழி ஒன்று குறைந்திருந்தது, அக்கா திருத்தவில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டேன், பதிவேட்டுத் தாளையும் புகைப்படத்தையும் எடுத்துக்கொண்டேன்.

விமான நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பாட்டி கட்டிக்கொடுத்த புத்து கைப்பையில் இருக்கிறது. சுவிட்சைப் பையனிடமே விட்டு வந்துவிட்டேன். ஓப்ரா டின்னில் அவன் இன்னும் தூளி எண்களுக்கு வரவில்லை, சொல்லிவிடக் கூடாது என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை தஞ்சாவூர். செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காலையில் ரயிலில் மயிலாடுதுறை, அங்கிருந்து மணல்மேட்டுக்கு பஸ். அங்கே முனீஸ்வரன் கோவில் எந்தத் தெருவில் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.